ஆறு வயதுக்குள் பறிபோன உரிமை

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைக்குப் பேச்சு, நடை, விளையாட்டு ஆகியவற்றில் தரும் பயிற்சி அதிகம் பலன் தருவது முதல் ஆறு வயதுக்குள்தான். நம் நாட்டில் கல்வி உரிமையோ ஆறு வயதில்தான் தொடங்குகிறது. இந்த இடைவெளி தானாக வந்ததல்ல. சட்டம் போட்டு உண்டாக்கியது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, 14 வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. தொடக்க வயது எதையும் அது குறிப்பிடவில்லை. மூன்று வயதுக் குழந்தையும் அதில் அடக்கம். 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில், 14 வயதுவரை கல்வி அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2002இல் வந்த 86ஆவது திருத்தம் அந்த உரிமையை 6 முதல் 14 வயதுக்குச் சுருக்கியது. ஆறுக்குக் கீழே உள்ளவர்களுக்காக அரசு ‘முயல வேண்டும்’, அவ்வளவுதான். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆவது பிரிவும் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது. ‘செய்ய வேண்டும்’ என்று சொல்லவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்களும் இந்தக் குறையைத் தீர்க்கவில்லை. 1995 சட்டத்தில் இருந்த ஏழு வகைக் குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டம் அதையும் சேர்த்து 21 வகை ஆக்கியது. ஆனால் இலவசக் கல்வி உரிமையை 6 முதல் 18 வயதுக்கே தந்தது.

2012இல் கல்வி உரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகள் இருக்கும் அதே வரையறைக்குள் மாற்றுத்திறன் குழந்தைகளும் வந்தார்கள். ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று சொல்லி வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் இரு சாராருமே. தலித் குடும்பத்தில் பிறந்த மாற்றுத்திறன் குழந்தை இரண்டு முறை நிறுத்தப்படுகிறது.

கன்னிவாடியையும் அதற்கு மேலே பழனி மலையில் உள்ள சிற்றூர்களையும் நினைத்துப் பாருங்கள். சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் மாவட்ட இடையீட்டு சேவை மையம் வேண்டுமென்றால் திண்டுக்கல் போக வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் தாயின் ஒரு நாள் கூலி போகும். பயிற்சியோ ஒரு நாளில் முடிவதல்ல, வாரந்தோறும் வேண்டும்.

நடந்து போகும் தூரத்தில் இருப்பது அங்கன்வாடி மட்டுமே. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தந்த இடம் அது. எனவே நம் கோரிக்கைகளும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். அங்கன்வாடி காலனிக் குழந்தை போகக்கூடிய இடத்தில் இருக்கிறதா? பணியாளருக்கு வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறியும் பயிற்சி உண்டா? சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் அங்கே வருகிறார்களா?

இந்தக் கேள்விகளை மனுவாக எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ‘செய்யலாம்’ என்ற சொல் ‘செய்ய வேண்டும்’ என்று மாறும்வரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.