நிறையாத குழி

கனடாவில் வாழும் எனது பால்ய நண்பர் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஊருக்கு வந்திருந்தார். கல்லடியிலுள்ள தமது பூர்வீக வீட்டைக் காட்டிக்கொண்டு வந்தவர், வளவின் பின்புறத்திலிருந்த மலக்குழியைச் சுட்டி, “அப்பா கட்டினது. முப்பது வருசமா ஒருநாளும் இறைக்கல்ல” என்றார் பெருமையோடு. குழிக்குச் சில அடி தள்ளிக் கிணறு இருந்தது. நான் கிணற்றைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

நண்பரின் பெருமை எங்கே பிழைத்தது என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இலங்கையின் பழைய நகரங்களில் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தை எனது தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும் அவர்தம் சந்ததியினரும் ஊர் விழிக்குமுன் அந்த வாளிகளைச் சுமந்தனர். அவ்விழிவை மெல்ல ஒழித்தவற்றுள் ஒன்று நிலத்தடித் தொட்டி. 1860ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டவரான மூரா அதன் முன்னோடியை அமைத்தார். 1881இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1890களில் இங்கிலாந்தின் எக்சிற்றர் நகரப் பொறியியலாளர் டொனால்ட் கமரோன் அதனைத் திருத்தி, ‘செப்டிக் டாங்க்’ எனப் பெயரிட்டார்.

அதன் இயக்கம் எளிது. கனமானவை அடியில் படியும். கொழுப்பு மேலே மிதக்கும். இடையிலுள்ள நீர் உறிஞ்சுகுழிக்குச் செல்லும். அடியில் படிந்தது அழுகிக் குறையும். ஆனால் முற்றாக அழியாது. ஆகவே நிறைவதே நல்ல தொட்டியின் இயல்பு. ஒரு சாதாரணக் குடும்பத்தின் தொட்டியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இறைக்க வேண்டுமென்கிறது அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம். வண்டலும் மிதப்பும் சேர்ந்து தொட்டியின் மூன்றிலொரு பங்கை எட்டினால் இறைக்கும் காலம் வந்துவிட்டதென்பது பொதுவான கணக்கு.

அவ்வாறாயின் முப்பது ஆண்டுகளாக நிறையாத குழி எது? அடித்தளமின்றிச் சீமெந்து வளையங்களை மண்ணில் இறக்கிய குழி. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி ஆகியவை வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பட்டியில் அமைந்தவை. இங்கே நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலைக்குப் பின்னர் இதனை நாம் கண்ணாரக் கண்டோம். கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்தும் உவர்ப்பு அகலவில்லை. அடியிலிருந்த உவர்நீர் மேலெழுந்ததே மிச்சம். பருவமழைகளே அதனை மெல்லக் கழுவின. கடலின் உப்பைத் தடுக்காத மணல், குழியின் கழிவை மட்டும் தடுக்குமா?

போருக்குப் பின்னரான ஆண்டுகளில் உன்னிச்சைக் குளத்து நீர் குழாய்வழி வீடுகளுக்கு வந்தது. நீர்ப் பாவனை பெருகினால் குழிக்குச் செல்லும் நீரும் பெருகும். கிணற்றுநீரைக் குடிப்பதை நாம் விட்டிருக்கலாம், அயலவர் விட்டாரா?

அடித்தளமுள்ள தொட்டி வைத்திருப்போர் மாரிகாலத்தில் முற்றாக இறைத்தலைத் தவிர்க்க வேண்டும். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கையில், வெறுமையான தொட்டி தோணிபோல் மேலெழக்கூடும். ஆனி முதல் ஆவணி வரையான வறண்ட மாதங்களே உகந்தவை. எக்காரணத்தாலும் எவரையும் உள்ளே இறக்கக்கூடாது. நச்சுவாயு நொடியில் உயிர் பறிக்கும். வாளி சுமந்தவர்களை விடுவித்ததாகச் சொல்லிக்கொண்டு அவர்களின் பேரப்பிள்ளைகளைக் குழிக்குள் இறக்குவது நாகரிகமாகாது.

நண்பர் மறுவாரமே கழிவகற்றும் பவுசரை அழைத்தார். குழாயை இறக்கிப் பார்த்த தொழிலாளி சொன்னார்: “அரைக்குழிகூட இல்ல ஐயா. தண்ணியெல்லாம் மண்ணுக்குள்ள போயிட்டு.”

நண்பர் கிணற்றடிக்குச் சென்று, வாளியையும் கயிற்றையும் கழற்றி வைத்தார்.