பெட்டியின் பாரம்

சங்கீத வித்துவான் ஒருவரிடம், "உங்கள் சுருதி என்ன?" என்று கேட்டால், "ஒன்றரைக் கட்டை" என்றோ, "நாலு கட்டை" என்றோ பதில் வரும். கேட்டவரும் தலையை ஆட்டிக்கொள்வார். இந்தக் 'கட்டை' எங்கிருந்து வந்தது என்று இருவருமே யோசிப்பதில்லை. ஹார்மோனியப் பெட்டியின் முகப்பில் பல்வரிசை மாதிரி இருக்கிறதே, அந்தக் கட்டைதான் அது. முதல் வெள்ளைக் கட்டை ஒன்று. அதற்கும் அடுத்த வெள்ளைக் கட்டைக்கும் நடுவே உள்ள கறுப்புக் கட்டை ஒன்றரை. ஹார்மோனியத்தை மேடையைவிட்டே விரட்ட வேண்டும் என்று வாதாடிய பெரியவர்கள்கூட, தங்கள் சுருதியைச் சொல்வதற்கு அந்தப் பெட்டியிடம்தான் கடன் வாங்கினார்கள்.

அந்தப் பெட்டியைத் தூக்கித் திரிந்தவர்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும். வாத்தியங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் நாதத்தைப் பற்றி எழுதுகிறார்கள், ராகத்தைப் பற்றி எழுதுகிறார்கள். வாத்தியத்துக்கு ஒரு கனம் உண்டு, அதை யாரோ ஒரு மனிதர் தம் தோளிலும் இடுப்பிலும் தாங்கினார் என்பதை எழுதுவதில்லை.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற சாலையில் அருப்புக்கோட்டை இருக்கிறது. தறிச் சத்தம் கேட்கும் ஊர். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் திருச்சுழி. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த தலம். குண்டாற்றின் கரை என்று பெயர்தான். ஆண்டில் பெரும் பகுதி மணலைத்தான் பார்க்கலாம். கரிசலும் செவலும் மாறி மாறி வரும் மானாவாரிக் காடு, இடையிடையே கண்மாய், கண்ணுக்கு எட்டும் வரை சீமைக் கருவேல். இந்த வறண்ட பூமிக்கு ஒரு செழிப்பு உண்டென்றால் அது பங்குனி, சித்திரை, வைகாசியில் வரும் கோயில் பொங்கல்கள்தாம். பொங்கல் என்றால் நாடகம். நாடகம் என்றால் இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து, கிழக்கு வெளுக்கும்போது முடிகிற 'ஸ்பெஷல் நாடகம்'.

ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரைப் பட்டணவாசிகள் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடும். விசேஷமான நாடகம் என்று அர்த்தமில்லை. அதற்குக் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர். பபூன் மூன்றாவது ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்துகிறார்கள். ஒருவரையொருவர் அன்று மாலைதான் பார்ப்பார்கள். ஆனாலும் இரவு முழுவதும் 'வள்ளி திருமணம்' நடக்கிறது. எப்படி நடக்கிறது? சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதை இருக்கிறது, அதனால் நடக்கிறது.

சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1922-ல் புதுச்சேரியில் காலமானார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று அவர் எழுதிய நாடகங்களின் பாட்டும் தர்க்கமும் நடிகர்களின் மனத்தில் எழுத்தாகப் பதிந்தவை. சுவாமிகள் பாதை போட்டார். ஆனால் இருட்டில் அந்தப் பாதையில் எல்லாரையும் கைபிடித்து அழைத்துப் போக ஓர் ஆள் வேண்டுமே? அந்த ஆள்தான் ஹார்மோனியக்காரர். பின்பாட்டுக்காரர் என்றும் சொல்வார்கள்.

அவர் வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். முருகனாக வருகிறவருக்கு நாலு கட்டை, வள்ளிக்கு ஐந்தரை, நாரதருக்குத் தொண்டை கட்டியிருப்பதால் இன்றைக்கு மட்டும் இரண்டரை. ஒருவர் பாடி முடித்து அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் விரல்கள் புதிய சுருதிக்குப் போய்விட வேண்டும். நடிகர் ஓர் அடியை மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் மூச்சு வாங்கும்போது தாமே பாட வேண்டும். சிவகாசியில் 1886-ல் பிறந்த விசுவநாத தாஸ் அந்தக் காலத்தில் முருக வேஷத்தில் நின்றுகொண்டே தேசியப் பாட்டுக்களைப் பாடிச் சிறைக்குப் போனவர். 1940-ல் சென்னையில் மேடையிலேயே உயிர் நீத்தார். அப்படிப்பட்டவர் எந்தக் கணத்தில் கதையை விட்டுச் சுதேசத்துக்குத் தாவுவார் என்பதை யார் கண்டார்? தாவின கணத்தில் ஹார்மோனியமும் கூடவே தாவியாக வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பாவுக்கு அவருடைய சகோதரர் காசி ஐயரே ஹார்மோனியம் வாசித்தார். அப்பேர்ப்பட்ட பாட்டுக்குப் பின்னால் போவதற்குக் கூடப் பிறந்தவராக இருந்தால்தான் சௌகரியம் போலிருக்கிறது!

இத்தனை வேலைக்கும் இரண்டு கைகளும் வேண்டும். ஆகவே பெட்டிக்குக் காற்றுக் கொடுக்கும் பொறுப்பு காலுக்குப் போயிற்று. நாடக மேடையின் வாத்தியம் கால் ஹார்மோனியம். கீழே மிதி இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மிதித்தால் துருத்தி விரியும். காற்று பித்தளை நாக்குகளின்மேல் பாயும். எந்தக் கட்டையை அழுத்துகிறோமோ அந்த நாக்கு பேசும். மிதி நின்றால் நாதமும் நின்றுவிடும். ஒலிபெருக்கி வராத காலத்தில், திறந்த பொட்டலில் கடைசி வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் கேட்கும்படி அது பேச வேண்டும். இரவு பத்திலிருந்து விடிய ஐந்து மணி வரைக்கும் ஒரு மனிதர் மிதிக்கிறார் என்றால், அவர் அருப்புக்கோட்டையிலிருந்து நடந்தே மதுரைக்குப் பாதி தூரம் போனதற்குச் சமானம் என்று சொன்னால் அதிகமாகாது. முடிந்த பிறகு அந்தப் பெட்டியை மூட்டை கட்டி, வண்டியிலோ பஸ்ஸின் உச்சியிலோ ஏற்றி, அன்று மாலைக்குள் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஒருவர் தனியாகக் கையில் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கக்கூடிய சாமானல்ல அது.

வேடிக்கை என்னவென்றால், ஹார்மோனியம் பிறந்ததே பாரத்தைக் குறைப்பதற்காகத்தான். ஐரோப்பாவின் பெரிய மாதாகோயில்களில் சுவரோடு சுவராகக் குழாய்கள் நிற்கும் ஆர்கனை யாரும் நகர்த்த முடியாது. சின்னக் கோயிலுக்கும் வீட்டுக் கூடத்துக்கும் ஏற்ற மாதிரி, பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1840-களின் தொடக்கத்தில் ஒரு பெட்டியைச் செய்து அதற்கு ஹார்மோனியம் என்று பெயர் வைத்தார். பாதிரிமார்களோடு அது கப்பல் ஏறி இங்கே வந்தது. வந்த இடத்தில் நம்மவர்கள் அதன் காலையும் வெட்டிவிட்டார்கள். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875-ல் தொடங்கிய துவார்க்கின் கம்பெனி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிக்கும் கைப்பெட்டியைப் பிரபலமாக்கியது. மடியில் வைக்கலாம், இடுக்கிக்கொண்டு ரயில் ஏறலாம். ஆனால் கனத்தைக் குறைத்தவன் அதற்கு ஒரு விலையும் வாங்கிக்கொண்டான். இடது கை துருத்திக்குப் போயிற்று. சங்கீதத்துக்கு மிஞ்சியது ஒரு கைதான்.

இந்தப் பெட்டி வாங்கிய திட்டுக்கும் குறைவில்லை. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, அதே கரிசலில் உள்ள எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், சங்கீதத்தைப் பற்றி எழுதியபோது ஹார்மோனியத்தை ஒரு பிடி பிடித்திருக்கிறார். பன்னிரண்டு ஸ்வரங்களை ஆணி அடித்து நிறுத்திவிட்ட பெட்டியில் நம் கமகம் எங்கே பிறக்கும் என்பது சங்கீத அபிமானிகளின் வழக்கு. நியாயமான வழக்குத்தான். 1940 மார்ச் முதல் தேதியன்று அகில இந்திய ரேடியோ அதைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டது. தாகூரும் அதை ஆதரித்தார். வெள்ளைக்காரச் சர்க்கார் போய்ச் சுயராஜ்யம் வந்த பிறகும் கதவு திறக்கவில்லை. 1971-ல்தான் ஓரளவு திறந்தது. அந்த முப்பத்தொரு வருஷமும் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் பங்குனி மாதம் வந்துகொண்டுதான் இருந்தது. கால் ஹார்மோனியம் விடிய விடிய மிதிபட்டுக்கொண்டுதான் இருந்தது. பெட்டி வேண்டுமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவராவது அதை இடுப்பில் தாங்கியவரல்லர்.

தாங்கியவர்களுக்கு வயதாகிறது. அறுபது வயதுக்கு மேல் முழங்கால் மிதியை வெறுக்கத் தொடங்குகிறது. ஏழு மணி நேரம் நாற்காலியில் இருந்தால் இடுப்பு மறுநாள் கணக்குக் கேட்கிறது. தூக்கி இறக்க ஆள் வைத்துக்கொண்டால் கிடைக்கிற சம்பளத்தில் அது ஒரு பங்கு. ஆகவே இன்று சில மேடைகளில் பழைய கால் ஹார்மோனியத்தைப் பார்க்கிறோம். சில மேடைகளில் கைப்பெட்டி. சில மேடைகளில் மின்சாரத்தில் பாடும் கீபோர்டு. இந்தக் கீபோர்டு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளும் பண்டம். மிதிக்க வேண்டாம், துருத்தி இல்லை, கைப்பெட்டி பிடுங்கிக்கொண்ட இடது கையையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நாலு கட்டையிலிருந்து ஐந்தரைக்குப் போக ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விரல்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல இது. அமெரிக்காவின் நாட்டுப்புறச் சங்கீதத்தில் 'பெடல் ஸ்டீல் கிடார்' என்று ஒரு வாத்தியம் உண்டு. மேஜை மாதிரி கால்களில் நிற்கும். தந்தியின் மேல் இரும்புக் கட்டியை நகர்த்தி வாசிப்பார்கள். காலால் மிதியை அழுத்தித் தந்தியின் சுருதியை வளைப்பார்கள். முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் உண்டு. பட் ஐசக்ஸ் என்பவர் மிதியோடு வாசித்த பாட்டு ஒன்று 1954-ல் பெரும் புகழ் பெற்றதும் அது நாடெங்கும் பரவிற்று. பத்துப் பத்துத் தந்திகளாக இரண்டு வரிசை வைத்த கருவி பேர்போன வித்துவான்களின் அடையாளம் ஆயிற்று. அதைப் பெட்டியில் வைத்துத் தூக்கினால் முதுகு முறியும். அங்கேயும் வயதானவர்கள் இப்போது ஒற்றை வரிசைக் கருவிக்கு, இலேசானதற்கு, மிதி குறைந்ததற்கு மாறிக்கொள்கிறார்கள். அங்கேயும் இளைஞர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். முழங்கால் வலிக்குக் கடல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்ற வித்தியாசம் தெரியாது.

"இலேசாக்கிக்கொண்டே போனால் கலை என்ன ஆவது?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். நாகஸ்வர மேளத்தில் 'ஒத்து' என்று ஒன்று இருந்தது. சுருதிக்காக ஒருவர் மூச்சு விடாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கி, மணிக்கணக்கில் ஒரே ஸ்வரத்தை ஊதுவார். சுருதிப் பெட்டி வந்தது. ஒரு கை அசைவில் அந்த வேலை முடிந்தது. பிறகு 1970-களின் இறுதியில் பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற எஞ்சினீயர் மின்சாரத் தம்புராவைச் செய்தார். மின்சாரம் சுருதி போடத் தொடங்கியதும் அந்த ஒரு கையும் வேண்டாமல் போயிற்று. ஒத்து ஊதியவரின் மார்புக்கு ஓய்வு கிடைத்தது, வாஸ்தவம். கூடவே அவருடைய பிழைப்பும் ஓய்ந்துவிட்டது. இலேசான கருவி எப்போதும் கருணையோடு வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் ஹார்மோனியக்காரரின் விஷயம் வேறு. ஒத்துக்காரரின் கலை மூச்சில் இருந்தது; மூச்சு வேண்டாம் என்றதும் ஆளும் வேண்டாம் என்றாயிற்று. பின்பாட்டுக்காரரின் கலை காலில் இல்லை. எந்தத் தர்க்கத்துக்குப் பின் எந்த விருத்தம் வரும், எந்த நடிகர் எங்கே திணறுவார், எந்த ஊர்க்காரர்கள் எந்தப் பாட்டுக்கு எழுந்து போவார்கள் என்ற நாற்பது வருஷ ஞாபகத்தில் இருக்கிறது. ஒத்திகையில்லாத நாடகத்துக்கு அந்த ஞாபகம்தான் டைரக்டர். எழுதிவைக்காத புத்தகமும் அதுதான். முழங்கால் தேய்ந்துவிட்டது என்பதற்காக அதை வீட்டுத் திண்ணையில் உட்கார வைப்பதா? தோளில் மாட்டும் ஒரு பையினால் அது இன்னும் பத்துப் பங்குனி மேடைக்கு வரும் என்றால், அந்தப் பைக்கு ஆரத்தி எடுக்கலாம்.

ஒன்றைமட்டும் மறக்கக் கூடாது. ஒரே பொத்தான் கிழவர் கையில் ஒன்று, பையன் கையில் வேறொன்று. பன்னிரண்டு சுருதியிலும் விரல் தேய உருண்டு புரண்ட கிழவருக்கு அந்தப் பொத்தான் ஓய்வு. ஒரே சுருதியைக் கற்றுக்கொண்டு மிச்சம் பதினொன்றையும் பொத்தானிடம் ஒப்படைத்துவிடும் பையனுக்கு அது ஊன்றுகோல். நடந்து களைத்தவன் கோலை ஊன்றுவதைப் பார்த்து, நடக்கப் பழகாதவனும் கோலோடு கிளம்பினால் என்ன செய்வது? ஒரு நள்ளிரவில் மின்சாரம் நின்று போகும். அப்போது மேடையில் இருப்பவர் கிழவராக இருந்தால் நாடகம் நடக்கும். பெட்டி ஊமையானாலும் அவர் வாயால் சுருதி கொடுத்து, அடியெடுத்துக் கொடுத்து, வள்ளிக்குக் கல்யாணம் செய்து வைத்துவிடுவார். பையனாக இருந்தால், மின்சாரம் வரும்வரை முருகனும் வள்ளியும் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கனமான பெட்டியை நாற்பது வருஷம் சுமந்தவர் அதைக் கீழே வைத்துவிட்டாலும் அதன் கனம் அவருடைய விரல்களில் இருக்கிறது. ஆகவே முதியவர் இலேசான பெட்டிக்கு மாறுவதைக் கண்டு நாம் கவலைப்பட வேண்டாம். அவர் மேடையில் இருக்கும் அந்தச் சில வருஷங்களுக்குள், பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து பழைய மிதியில் காலை வைத்துப் பார்த்தானா என்றுதான் கேட்க வேண்டும்.