ரஸ்தாவில் பிறந்த கிழவர்

தேவகோட்டை ரஸ்தா என்ற பெயரை நம்பி ரயிலை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர் ஏமாந்துதான் போவார். பெயர்தான் தேவகோட்டை, பக்கத்தில் இருப்பது காரைக்குடி. அந்த ரஸ்தாவில் 1946-இல் அறுபது வயதுக் கிழவர் ஒருவர் பிறந்தார்.

கதை சிறையில் ஆரம்பிக்கிறது. 1944 கடைசியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைக் கைது செய்தார்கள். ஊரையே சிரிக்க வைத்தவர் உள்ளே. அவரை நம்பிய நாடகக் கம்பெனி வெளியே. முதலாளி இல்லாத கம்பெனி படுதாவைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர்கள் சுருட்டவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் பொறுப்பேற்றார். ப.நீலகண்டன் எழுதிய ‘தியாக உள்ளம்’ மேடையேறியது.

அதைப் பார்த்த பட முதலாளி ஏவி.மெய்யப்பச் செட்டியார் படமாக்க உரிமை வாங்கினார். ஆனால் சென்னையில் புது ஸ்டூடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது அப்போது குதிரைக் கொம்பு. செட்டியார் சொந்தச் சீமைக்கே திரும்பினார். ரஸ்தாவில் இருந்த நாடகக் கொட்டகையையும் சுற்றியிருந்த பொட்டலையும் குத்தகைக்குப் பிடித்தார். பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் போட்டு வீடு கட்டிய சீமையில், ஏவி.எம். ஸ்டூடியோ மட்டும் கீற்றுக் கொட்டகையில் குடியேறியது. நாடகம் ‘நாம் இருவர்’ என்று பெயர் மாறிப் படமானது.

இந்தப் படம் என்றாலே டி.கே.பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டு, குமாரி கமலாவின் நடனம், டி.ஆர்.மகாலிங்கம் என்றுதான் பேசுவார்கள். பேசட்டும். எனக்கு அந்தக் கிழவர்தான். சண்முகம் பிள்ளை என்று பெயர். அந்த வேஷத்தைக் கட்டியவர் விருதுநகர்ப் பையன் வி.கே.ராமசாமி, இருபது வயதைத் தாண்டியிருந்தார், அவ்வளவுதான். அவருக்கு அதுதான் முதல் படம்.

1947 ஜனவரியில் படம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. கலைவாணர் அப்போதும் சிறையில்தான், ஏப்ரலில்தான் விடுதலை. அவர் வெளியே வருவதற்குள் அவர் கம்பெனி நாடகம் தமிழ்நாடு முழுக்கக் கொட்டகை கொட்டகையாக ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டூடியோ 1948-இல் கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. வி.கே.ராமசாமி மட்டும் ரஸ்தாவில் ஏறிய வயதிலிருந்து இறங்கவே இல்லை. அடுத்த அரை நூற்றாண்டுக்கு அப்பா, மாமனார், தாத்தா. நிஜமாகவே அறுபது வந்தபோது அவருக்கு அது பழகிய வேஷம்.