மேசைப் போரின் இடைக்கால வீரர்களுக்கு வர்ணம் தீட்டுதல்

மேசைமேல் ஆடப்பெறும் போர் விளையாட்டுக்காக, விரற்கடை உயரமே உள்ள ஐரோப்பிய இடைக்கால ‘நைட்’ வீரர்களின் உருவங்களுக்கு வர்ணம் தீட்டும் இக்கலை, சிறுவர்களின் பொம்மையிலிருந்து பிறந்து, சரித்திர ஞானமும் கைப்பழக்கமும் ஒருங்கே வேண்டி நிற்கும் பெரியோர் கலையாக வளர்ந்ததாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தார் வெள்ளீயத்தில் தட்டையான வீரர்களை வார்த்தனர். 1893இல் லண்டனில் வில்லியம் பிரிட்டன், உள்ளே கூடாக ஈயம் வார்க்கும் முறையினால் முழுவடிவப் பொம்மைகளை மலிவாக்கினார். அவற்றை வைத்து ஆடும் விதிகளை எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலாக வெளியிட்டார். இடைக்காலப் போருக்கென்றே அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் இயற்றிய ‘செயின்மெயில்’ 1971இல் வந்தது. இன்று பெருவழக்கான உருவங்கள் சுமார் 28 மில்லிமீட்டர் அளவின. ஈயத்தின் இடத்தை ஈயம் கலவாத உலோகமும் பிளாஸ்டிக்கும் பிடித்துவிட்டன.

வளையக் கவசத்துக்கு முதலில் கறுப்புப் பூச்சு பூசி, வெள்ளிநிறம் தொட்ட தூரிகையைத் துணியில் ஏறத்தாழ உலரும்வரை துடைத்து, மேடுகளின்மீது மெல்ல வருடிச் சென்றால், வளையங்கள் மட்டும் மின்ன, இடுக்குகள் இருண்டே நிற்கும். இது சில நாட்களில் கைவந்துவிடும். உண்மையான பிரயாசை குலச்சின்னத்தில்தான் இருக்கிறது. சீருடைப் படைக்கு ஒரே நிறத்தை நூறு முறை தீட்டினால் போதும். நைட்டுகளுக்கோ ஆளுக்கொரு சின்னம், ஆளுக்கொரு வர்ணம். பொன், வெள்ளி ஆகிய உலோக நிறங்களை ஒன்றின்மேல் ஒன்றாகவோ, சிவப்பு, நீலம் முதலிய வர்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாகவோ இடலாகாது என்பது பழைய சம்பிரதாயம். போர்க்களத்தில் தொலைவிலிருந்தே சின்னம் துலங்கவேண்டும் என்னும் பிரயோஜனத்துக்கு ஏற்ற அவ்விதி, நகமளவே உள்ள கேடயத்துக்கும் அப்படியே பொருந்தி, கையெட்டும் தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு வீரனை இனங்காட்டுவது மிகவும் வியக்கத்தக்கது.

ஆண்டு தவறினால் சின்னமும் தவறிவிடும். பிரெஞ்சு முடிக்கு உரிமை கோரிய இங்கிலாந்து அரசர் மூன்றாம் எட்வர்டு, 1340இல் தம் சிங்கங்களோடு பிரான்சின் பொன் லில்லிகளையும் நான்கு கட்டங்களாகச் சேர்த்துக்கொண்டார். ஆகவே 1346ஆம் ஆண்டின் கிரெஸிப் போருக்குப் படை திரட்டுபவர் அவருடைய அரசக் கொடியின் நீலக் கட்டங்களில் லில்லிகளை இறைத்தாற்போலத் தீட்டவேண்டும். 1415ஆம் ஆண்டின் அஜின்கோர்ட் போருக்காயின், அன்றைய இங்கிலாந்து அரசரின் கொடியில் கட்டத்துக்கு மூன்றே மூன்று.