குடையும் கறுப்பு அங்கியும்: திரையில் பாதிரியார் பிரவுன்

துப்பறியும் கதை இலக்கியம் ஆகுமா என்னும் வினா ஆங்கில இலக்கிய உலகிலும் நெடுங்காலம் எழுப்பப்பட்டு வந்த ஒன்றே. ‘ஆகும்’ என்று வாதிடுவோர் தவறாமல் சுட்டும் பெயர்களுள் ஒன்று கில்பர்ட் கீத் செஸ்டர்டன் (1874–1936). அவர் அடிப்படையில் கவிஞர், கட்டுரையாளர், இதழாளர். ‘வெண்குதிரையின் கதைப்பாடல்’ என்னும் அவருடைய நெடுங்கவிதையும், பாதிரியார் பிரவுன் கதைகளின் முதல் தொகுதியும் 1911ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன என்பது இங்கு நினைக்கத்தக்கது. ஒரு கவிஞரின் கையில் உருவான துப்பறிவாளர் பிற்காலத்தில் தொலைக்காட்சிக்குச் சென்றபோது பார்வையாளர் அவரை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை ஆராய்வது, எழுத்துக்கும் காட்சிக்கும் இடையிலுள்ள உறவை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

பாத்திரத்தின் பிறப்பு

பிரவுனுக்கு முன்மாதிரியாக அமைந்தவர் யார்க்ஷயர் பகுதியில் பணியாற்றிய கத்தோலிக்கக் குருவான ஜான் ஓகானர். மனிதரின் தீமைகளைப் பற்றி அவர் அறிந்திருந்த செய்திகள் செஸ்டர்டனைத் திடுக்கிடச் செய்தன. அதன்பின் சிறிது நேரத்திலேயே, கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர், மடத்துச் சுவர்களுக்குள் வாழும் குருமார்க்கு உலகின் தீமை எங்கே தெரியப்போகிறது என்று அதே குருவைக் குறித்துப் பேசிக்கொண்டதை அவர் கேட்டார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் ஒருவர் அறிந்துள்ள தீமையில் சிறு பங்கையேனும் அம்மாணவர் அறியார் என்னும் முரணே பாத்திரத்தின் வித்தாயிற்று. இதனைச் செஸ்டர்டனே தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அவர் 1922இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தபோது அவரை ஏற்றுக்கொண்டவரும் ஓகானரே ஆவார்.

குள்ள உருவம், உருண்டை முகம், கறுப்பு அங்கி, எங்காவது மறந்து வைத்துவிடும் பெரிய குடை ஆகியவையே பிரவுனின் அடையாளங்கள். அறைக்குள் அவர் இருப்பதையே பிறர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1911 முதல் 1935 வரை வெளிவந்த ஐந்து தொகுதிகளிலும் இந்தக் ‘கவனிக்கப்படாமை’யே அவருடைய வலிமையாக நிற்கிறது.

திரைக்கு வந்த வழி

1934இல் ஹாலிவுட்டில் வால்டர் கானலி பிரவுனாக நடித்தார். 1954இல் ராபர்ட் ஹேமரின் இயக்கத்தில் அலெக் கின்னஸ் நடித்த படம் பெரிதும் பேசப்பட்டது. அதன் படப்பிடிப்பு பிரான்சில் நடந்தபோது நிகழ்ந்த ஒன்றைக் கின்னஸ் பின்னர் எழுதியுள்ளார். மாலையில் அங்கியுடனேயே அவர் தெருவில் நடந்துசென்றபோது, அறிமுகமில்லாத சிறுவன் ஒருவன் அவரைக் குரு என்று நம்பிக் கையைப் பற்றிக்கொண்டு பேசியபடியே உடன் நடந்தான். சிறுவன் கண்டது முகத்தையன்று, அங்கியை. அந்நம்பிக்கை கின்னஸின் உள்ளத்தில் தைத்தது; 1956இல் அவரும் கத்தோலிக்கரானார்.

இதனையடுத்து ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பிரவுன் திரையேறினார். பிரித்தானியாவில் அவரைத் தொடராகத் தந்தது ஏடிவி நிறுவனம். 1974 செப்டம்பரில் ஐடிவி அலைவரிசையில் தொடங்கிய அத்தொடரில் 13 பகுதிகள் இருந்தன. பிரவுனாக நடித்தவர் கென்னத் மோர் (1914–1982).

பார்வையாளரின் கூற்றுகள்

இத்தொடரைக் குறித்துப் பார்வையாளர் கூறிவந்தவற்றை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, நடிகரைப் பற்றியது. கென்னத் மோர் 1950களில் பிரித்தானியத் திரையின் முன்னணி நாயகர்களுள் ஒருவர். 1956இல் வெளிவந்த ‘வானை எட்டு’ படத்தில், இரு கால்களையும் இழந்தும் போர்விமானம் ஓட்டிய டக்ளஸ் பேடராக அவர் பெற்ற புகழ் பெரிது. 1967இல் பிபிசியின் ‘ஃபோர்சைட் சாகா’ தொடரும் அவரை இல்லந்தோறும் கொண்டுசேர்த்தது. ஆதலின் அவருடைய கனிவையும் குரலையும் விரும்பியோர் ஒருபுறம் இருக்க, ‘இவர் எவ்வாறு பிரவுன் ஆவார்? இவரைக் கவனியாமல் இருத்தல் எவர்க்கு இயலும்?’ என்று கதைகளைப் படித்தோர் வினவினர்.

இரண்டாவது, ஆக்கத்தைப் பற்றியது. அக்கால வழக்கப்படி உட்காட்சிகள் ஸ்டுடியோ அரங்குகளில் வீடியோ நாடாவில் பதிவாயின. அறைகள் மேடை நாடகத்தை நினைவூட்டுகின்றன. பேச்சு மிகுதி, நடை மெதுவானது என்பது பிற்காலப் பார்வையாளர் பலரின் குறை. மூன்றே அலைவரிசைகள் இருந்த நாட்டில் வாரம் ஒருமுறை கண்டோர்க்கு இயல்பாகத் தோன்றிய நடை, டிவிடி வழியே தொடர்ந்து பார்ப்போர்க்குச் சலிப்பூட்டுவதில் வியப்பில்லை.

மூன்றாவது, மூலத்தைப் பற்றியது. 13 பகுதிகளும் செஸ்டர்டனின் கதைகளையே அடிப்படையாகக் கொண்டவை, தலைப்புகளும் அவருடையனவே. 2013இல் மார்க் வில்லியம்ஸ் நடிக்கப் பிபிசி தொடங்கிய புதிய தொடர், 1950களின் கெம்பிள்ஃபோர்டு என்னும் கற்பனைச் சிற்றூரில் நிகழ்வது. அதன் கதைகளிற் பெரும்பாலானவை புதியவை. பிரவுனைச் சுற்றித் திருமதி மெக்கார்த்தி முதலிய நிலையான துணைப்பாத்திரங்களும் உள்ளனர். அதன் உயிர்த்துடிப்பைப் பாராட்டுவோர் பலர். மூலத்தின் சுவையை நாடுவோரோ, பழைய தொடரே செஸ்டர்டனுக்கு அணுக்கமானது என்பர்.

காணாமையும் கேட்டலும்

இம்மூன்று கூற்றுகளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. செஸ்டர்டனின் கதைகள் கண் தவறவிடுவதைப் பற்றியவை. தொலைக்காட்சியோ கண்ணுக்குக் காட்டியே தீரவேண்டியது. ‘காணா மனிதன்’ என்னும் கதையில் ஒரு கட்டடத்தைக் காவல் காத்த நால்வரும், எவரும் உள்ளே செல்லவில்லை என்று உறுதியாகக் கூறுகின்றனர். ஆனால் கொலையாளி அவர்கள் கண்ணெதிரே தபால்காரனாகச் சென்று, உடலைப் பையில் சுமந்து திரும்பியிருந்தான். தபால்காரனை அவர்கள் ‘ஆள்’ என்று எண்ணவே இல்லை. எழுத்தில் வாசகரும் அந்நால்வரோடு சேர்ந்து ஏமாறலாம். திரையிலோ அவன் உருவம் தோன்றியே ஆகவேண்டும். 1974 தொடரின் 13 பகுதிகளுள் இக்கதை இடம்பெறவில்லை.

காட்சியில் இழந்ததைத் தொடர் பேச்சில் ஈட்டிக்கொள்கிறது என்பதே நடுநிலையான மதிப்பீடாகும். அதன் முதற் பகுதியாக அமைந்த ‘கடவுளின் சம்மட்டி’ இதற்குத் தக்க சான்று. 2013 தொடரும் இக்கதையிலேயே தொடங்கியது. ஒழுக்கங்கெட்ட கர்னல் ஒருவர் சிறு சுத்தியலால் மண்டை பிளந்து இறந்துகிடக்கிறார். அடியின் வலிமை கண்டு ஊரார் கொல்லனை ஐயுறுகின்றனர். உண்மையில் சுத்தியலை ஆலயத்தின் உயரத்திலிருந்து விழவிட்டவர், அங்கே தனித்து வழிபட்டுவந்த கர்னலின் தம்பியான குரு. உயரத்தில் நின்று மனிதரைப் பூச்சிகளாகக் காணப் பழகியதே அவரது வீழ்ச்சி. பிரவுன் அவரைக் காட்டிக்கொடுப்பதில்லை. தாம் அறிந்ததைக் கூறி, தீர்வை அவர் மனச்சான்றிடமே விட்டுவிடுகிறார். குற்றவாளி தானே சென்று சரணடைகிறார்.

இக்கதையின் உச்சம் ஓட்டமோ துரத்தலோ அன்று. இருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் பேச்சு. அதற்குப் பேரரங்கு வேண்டுவதில்லை. பொறுமையுள்ள நடையும் கேட்கத் தெரிந்த ஒரு முகமும் போதும். மெதுவான நடை என்று பார்வையாளர் குறைகூறிய அதுவே, பாவசங்கீர்த்தனத்தின் அமைதியைத் தொடருக்குத் தருகிறது. கென்னத் மோரின் உயரமும் புகழும் பிரவுனுக்குப் பொருந்தாமல் இருக்கலாம். அவரது கனிவு பொருந்துகிறது.

1927இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் பிரவுன் தம் முறையின் இரகசியத்தை வெளியிடுகிறார். குற்றவாளியை வெளியே நின்று அளப்பதில்லை. அவன் உள்ளத்துள் புகுந்து, அக்கொலையைத் தாமே செய்யக்கூடியவர் என்று உணரும் வரை அவனாகவே நினைத்துப்பார்க்கிறார். தம்மைத் தூயவர் என்று எண்ணுவோர்க்கு அது கைவராது. பிறிதோர் உயிருள் புகுந்து நின்று பேசுதல் கவிஞர்க்குரிய தொழிலும் ஆகும். துப்பறிவாளரைப் படைத்தவர் கவிஞர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பார்வையாளரின் கருத்துகள் முகத்தையும் அரங்கையும் நடையையும் பற்றி இனியும் மாறுபடலாம். இரக்கத்தையே துப்பாகக் கொண்ட அக்குருவைத் திரை எந்த அளவு காட்டியது என்பதே அவர்கள் முன்னுள்ள உண்மையான அளவுகோலாகும்.