மீன் இல்லாத மீன் தொட்டி

பட்டாபிராமில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு மீன் தொட்டி வைத்தேன். உப்புத் தண்ணீர் தொட்டி! நீமோ படம் பார்த்ததிலிருந்து மகளுக்கு அந்த ஆரஞ்சு-வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்தான் வேண்டும். கடல் பார்க்கவே நாங்கள் ரயிலேறி சென்ட்ரல் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அதனால் பாக்கெட் உப்பைக் கலந்து வீட்டிலேயே ஒரு கடல் தயாராயிற்று.

கொளத்தூரில் மீன் விற்றவர், ‘‘ஒரு மாசம் தொட்டிய சும்மா ஓட விடுங்க சார். அப்புறம் வந்து மீன் வாங்கிக்குங்க’’ என்றார். விற்கிறவரே வாங்காதே என்கிறார்! நான் கேட்டால்தானே? பி.காம். படித்தவன். போட்ட முதலை ஒரு மாசம் தூங்க விட மனசு வருமா?

ஐந்தாம் நாள் காலை இரண்டு மீனும் மிதந்தன. ‘‘தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கேப்பா... அப்புறம் ஏன் செத்துச்சு?’’ என்றாள் மகள்.

நியாயமான கேள்வி. இதற்கு விடை கண்டுபிடித்த கதையில் ஒரு அப்பாவும் மகனும் வருகிறார்கள்.

1849-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், ஒரு தொட்டியில் இரண்டு தங்க மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் விட்டார். செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. குளத்து நத்தைகளைப் போட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. செடி ஆக்ஸிஜன் தருகிறது, மீன் சுவாசிக்கிறது, நத்தை குப்பை அள்ளுகிறது... எங்கள் பாஷையில் சொன்னால் பேலன்ஸ் ஷீட் டேலி! அப்புறம் கடல் மீனுக்கும் இதையே முயன்றார். 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் என்பவர் செயற்கைக் கடல் நீருக்கே செய்முறை எழுதினார். லண்டனில் தொட்டிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அந்த ஆசை மெதுவாக நம்மூருக்கும் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-ல் மெரினாவில் மீன் காட்சிசாலை திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அது மூடப்பட்டது.

ஆனால், வாரிங்டனின் கணக்கில் ஒரு பெரிய செலவு எழுதப்படவே இல்லை. அம்மோனியா! மீன் தன் செவுள் வழியாக ஓயாமல் வெளியேற்றும் கழிவு அது. தண்ணீரில் கரைந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதிலும் கடல் தண்ணீர் காரத்தன்மை உள்ளது என்பதால் அங்கே அதன் விஷம் இன்னும் கடுமை. எங்கள் கண்ணாடித் தண்ணீரின் ரகசியம் இதுதான்.

அதை யார் தின்பது? 1877-ல் பிரான்ஸில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் சாக்கடைத் தண்ணீரை மெதுவாக விட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம்... ம்ஹூம், அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. 20 நாள் கழித்துத்தான் குறைய ஆரம்பித்தது! அதற்குப் பதில் நைட்ரேட் வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், வேலை நின்றுபோனது. கொஞ்சம் புது மண் கரைசலை ஊற்றினார்கள், மறுபடி ஆரம்பித்தது. மணலில் ஏதோ உயிர் குடியேறியிருக்கிறது! கொளத்தூர்க்காரர் சொன்ன ‘ஒரு மாச’த்தின் அர்த்தம் இந்தக் குழாயில் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சியைக் கையில் எடுத்துக்கொண்டவர், ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த இன்னொரு ராபர்ட் வாரிங்டன். தொட்டி வாரிங்டனின் சொந்த மகன்! அம்மோனியாவை ஒரு கிருமி நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொன்று அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது என்று கண்டவர் அவர். நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் அந்த அளவுக்கு இல்லை. ஆனால், பல வருஷம் போராடியும் அவரால் அந்தக் கிருமிகளைத் தனியாகப் பிரித்து வளர்க்க முடியவில்லை. மற்ற கிருமிகளுக்குப் பிடித்த சாப்பாட்டை வைத்தால் இவை சீண்டாது. வெறும் உப்புக் கரைசலில் 1890-ல் வளர்த்துக் காட்டியவர் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி. மகன் தேடியதெல்லாம் வயல் மண்ணுக்காக. அப்பா 1867-லேயே இறந்துவிட்டார். தன் தொட்டியை உண்மையில் காப்பாற்றியது யார் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

கதை அதோடு முடியவில்லை. 2005-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், பாக்டீரியாவே அல்லாத ‘ஆர்க்கியா’ என்ற இனத்திலும் அம்மோனியாவைத் தின்று வாழும் ஒரு நுண்ணுயிர் இருப்பதாக அறிவித்தார்கள். பிறகு பார்த்தால் கடலெங்கும் இந்த வகையறாதான்! முதலில் அது அகப்பட்டது எங்கே தெரியுமா? சியாட்டில் நகரத்து மீன் காட்சிசாலையில், ஒரு வெப்பமண்டலக் கடல் மீன் தொட்டியின் அடியில் கிடந்த சரளைக் கல்லில்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டாவது முயற்சி. தொட்டியில் மணல், பாறை, பம்ப் மட்டும். கொளத்தூர்க்காரர் தன் பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல் கொடுத்தார். தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுக விடுகிறோம், கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு. அம்மோனியா ஏறி இறங்கிவிட்டது. இப்போது நைட்ரைட் உச்சியில் நிற்கிறது. மகள் தினமும் சோதனைக் குழாயைத் தூக்கிப் பார்த்து, நிறத்தை காலண்டரில் குறிக்கிறாள். இன்றைக்கு 23-ம் நாள். வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து குனிந்து தேடிவிட்டு, ‘‘மீன் எங்கேம்மா?’’ என்கிறார்கள்.

‘‘இன்னும் வரலை மாமா’’ என்கிறாள் அவள்.