'ஸ்டிக்கர்': ஒரு மீமின் சொல்வரலாறும் தமிழக அரசியல் மொழியும்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையும் அதன் சுற்றுப்புற மாவட்டங்களும் வெள்ளத்தில் மூழ்கியபோது, தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் அயல் மாநிலங்களிலிருந்தும் உணவுப் பொட்டலங்களும் போர்வைகளும் லாரிகளில் வந்து சேர்ந்தன. தன்னார்வலர்கள் கொண்டுவந்த அப்பொருள்களின்மீது அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் படம் பொறித்த ஸ்டிக்கர்களை ஆளுங்கட்சியினர் ஒட்டுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஊடகங்களில் அது பரவலாக வெளிவந்தது. சில நாள்களுக்குள் அந்த ஸ்டிக்கர் நிவாரணப் பொட்டலத்தை விட்டு நீங்கி, முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வெள்ளத்தோடு தொடர்பே இல்லாத படங்களின்மீதெல்லாம் ஏறி அமர்ந்தது.

அப்படங்களுள் பெரும்பாலானவை இன்று எவர் நினைவிலும் இல்லை. ஆனால் 'ஸ்டிக்கர் ஒட்டுதல்' என்னும் தொடர் நிலைத்துவிட்டது. பிறர் உழைப்பின் பயனுக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். 2021 ஆட்சி மாற்றத்திற்குப் பின் எதிர்க்கட்சித் தலைவரான எடப்பாடி பழனிசாமி, தம் ஆட்சிக்காலத் திட்டங்களுக்குத் தி.மு.க. அரசு ஸ்டிக்கர் ஒட்டுகிறது என்று பலமுறை சாடினார். மத்திய அரசின் திட்டங்களைக் குறித்துப் பா.ஜ.க.வினரும் அதே தொடரைக் கையாண்டனர். எந்தக் கட்சியை எள்ளுவதற்காக ஒரு சொல் பிறந்ததோ, அந்தக் கட்சியின் தலைவரே ஆறாண்டுகளுக்குள் அதைத் தயக்கமின்றி எடுத்தாள்கிறார். எள்ளலின் இலக்கு மறைந்து பொருள் மட்டும் எஞ்சிய இந்நிலையே, மீம் ஒரு மொழியாகச் செயற்படுகிறது என்பதற்கு வலுவான சான்று. படத்தைக் கண்டு சிரித்தவர் எத்தனை பேர் என்பதைவிட, படம் மறைந்த பின்னும் எதிரெதிர் அணியினர் அதன் சொல்லைப் பேசுகின்றனரா என்பதே அதன் அரசியல் வலிமைக்கு உரிய அளவுகோல்.

'மீம்' என்னும் சொல்லை ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் வெளிவந்த தம் நூலில், மரபணுவுக்கு இணையாகப் பண்பாட்டில் படியெடுக்கப்பட்டுப் பரவும் கூற்றைக் குறிக்க ஆக்கினார். தமிழ் வழக்கில் அது 'மீம்ஸ்' என்னும் பன்மை வடிவிலேயே நுழைந்து ஒருமைக்கும் நின்றது. சொல் புதிது, அரசியலைப் படத்தால் எள்ளும் வழக்கமோ தமிழ் இதழியலில் நூறாண்டைக் கடந்தது. 1906இல் தொடங்கப்பெற்ற 'இந்தியா' வார இதழில் பாரதி அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். அவ்விதழின் ஆசிரியராகப் பெயரளவில் பதிவாகியிருந்த சீனிவாசன் 1908இல் இராஜநிந்தனை வழக்கில் தண்டிக்கப்பட, பாரதி புதுச்சேரிக்குச் செல்ல நேர்ந்தது. 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படம் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் இழிவுபடுத்துவதாகக் கருதப்பட்டது. பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் அவ்விதழின் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தார். எதிர்ப்பு வலுக்கவே, சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார்.

இவ்விரு நிகழ்வுகளிலும் அதிகாரம் பிடிப்பதற்கு ஒரு பெயர் இருந்தது. மீமுக்கு அத்தகைய பெயர் இல்லை. ஒருவர் படத்தைத் தேர்கிறார், மற்றொருவர் வாசகத்தை மாற்றுகிறார், பிறர் பகிர்கின்றனர். இந்நிலையில் சட்டத்தின் கை படைத்தவரை விட்டுப் பகிர்ந்தவரைப் பற்றுகிறது. சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' திரைப்பட உரையாடலைத் தழுவி மம்தா பானர்ஜியை எள்ளிய ஒரு படத்தை மின்னஞ்சலில் அனுப்பியமைக்காக, 2012 ஏப்ரலில் கொல்கத்தாவில் ஒரு பேராசிரியர் கைது செய்யப்பட்டார். அவ்வழக்கில் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. எனினும் அவர் வழக்கிலிருந்து முற்றிலும் விடுபட்டது 2023இல்தான். வங்காளத்திலும் மீமுக்குத் திரைப்படமே மூலமாக நின்றது என்பது கருதத்தக்கது.

தமிழில் இத்தொடர்பு இன்னும் நெருக்கமானது. தமிழ் மீமின் இலக்கணம் பெரும்பகுதி நகைச்சுவைக் காட்சிகளால் ஆனது. அவற்றுள் வடிவேலுவின் பங்கு தனித்தன்மை உடையது. 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பரப்புரை செய்த பின் அவருக்குத் திரை வாய்ப்புகள் அருகின. ஆனால் அதன்பின் வந்த ஆண்டுகளில்தான் அவர் முகம் இணையவெளி எங்கும் நிறைந்தது. வீரம் பேசி அடி வாங்கும் மனிதன், அடி வாங்கியதை மறைத்து மீண்டும் வீரம் பேசும் மனிதன் என்ற அப்பாத்திரங்களின் அமைப்பு, வாக்குறுதிக்கும் நிறைவேற்றத்திற்கும் உள்ள இடைவெளியைச் சுட்ட ஆயத்தமான தொடரமைப்பாகப் பயன்பட்டது. ஜல்லிக்கட்டுப் போராட்டம், ஓ. பன்னீர்செல்வத்தின் மெரினா தியானம், கூவத்தூர் விடுதி என 2017இன் முதல் இரு மாதங்கள் இம்மொழியின் சொல்வளம் பெருகிய காலம்.

2019 மே மாத இறுதியில், பாகிஸ்தானைச் சார்ந்த ஒரு பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியலின் படத்தை இட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. அதற்குத் தமிழர் ஒருவர், 'பிரண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு ஏற்ற காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்த காட்சியை உண்மைச் செய்திபோல் மறுமொழியாக எழுதினார். நேசமணிக்காகப் பிரார்த்திக்கும் ஹேஷ்டேக், நரேந்திர மோடி இரண்டாம் முறை பதவியேற்ற மே 30 அன்று உலக அளவில் முன்னிலை பெற்றது. தேர்தல் நடந்த 38 தமிழகத் தொகுதிகளுள் 37இல் தி.மு.க. கூட்டணி வென்றிருந்த சூழலில், இதனைத் தமிழகத்தின் எதிர்ப்புக் குரலாக விளக்கியோர் உண்டு. அவ்விளக்கம் மிகை. அப்பதிவுகளில் பதவியேற்பைப் பற்றிய கூற்று எதுவும் தேவைப்படவில்லை. பொது நினைவு ஒன்றைப் பகிரும் கூட்டம் பிறருக்கு விளங்காத ஒன்றை உலகின் முன் உரத்துப் பேச முடியும் என்பதே அங்கு வெளிப்பட்டது. அந்த ஆற்றல் அரசியலுக்கு முந்தையது. அரசியல் அதைக் கடன் வாங்குகிறது.

கடனோடு குறைகளும் வந்து சேர்கின்றன. கறுப்பு நிறத்தையும் உடல் பருமனையும் பெண்களையும் இழித்துச் சிரிக்க வைத்த காட்சிகள் அதே இழிவோடு மீமுக்குள் புகுகின்றன. ஓர் அமைச்சரை எள்ளும் படம், அவரது ஊழலை விட்டு அவரது நிறத்தைத் தாக்குவதைக் காணலாம். கட்சிகளின் தகவல் தொழில்நுட்ப அணிகள் மீம்களைத் தாமே உருவாக்கத் தொடங்கிய பின், பெயரின்மை எளியவரின் காப்பாக மட்டும் நிற்கவில்லை. வலியவரின் மறைவிடமாகவும் ஆயிற்று.

வரலாற்று ஆய்வாளருக்கு வேறொரு இடர்ப்பாடும் உண்டு. பாட்டுப் புத்தகங்கள் போன்ற எளிய அச்சுப் பொருள்களையும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற நிறுவனங்கள் பேணியமையால் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பொதுமக்கள் பண்பாட்டை ஆராய முடிகிறது. வாட்ஸ்அப்பில் கைமாறிய படத்தில் நாளும் இல்லை, படைத்தவர் குறிப்பும் இல்லை. கைப்பேசி மாறும்போது அது அழிகிறது. 2022ஆம் ஆண்டு நாளிதழில் 'ஸ்டிக்கர் ஒட்டும் அரசு' என்னும் குற்றச்சாட்டைப் படிக்கும் நாளைய ஆய்வாளருக்குச் சொல் கிடைக்கும். ஏழாண்டுகளுக்கு முன் வெள்ளநீரில் நின்றவர்கள் கைப்பேசியில் கண்டு சிரித்த படம் கிடைக்குமா என்பது, இன்று எவரேனும் அதைத் தேதியிட்டுச் சேமிக்கின்றனரா என்பதைப் பொறுத்தது.